மடகாஸ்கரில் மூன்று வருடம்: ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நான் ஒரு துறவற சபையைச் சேர்ந்த அருட்சகோதரி. வயது 28. சொந்த ஊர் புதுச்சேரி பக்கம் வில்லியனூர். 2022 அக்டோபரில் மடகாஸ்கருக்குப் போனேன், மூன்று வருடம் கழித்து 2025 டிசம்பரில் விடுமுறைக்கு வந்தேன். லூர்து மாதா கோயிலில் முதல் ஞாயிறு பூசை முடிந்து குளத்தைத் தாண்டுவதற்குள் ஒன்பது பேர் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அப்புறம் மஞ்சக்குப்பத்தில் சித்தி வீடு, பாகூரில் மாமா வீடு, முத்தியால்பேட்டையில் தோழி வீடு. போன இடத்தில் எல்லாம் அதே கேள்விகள்தான். நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில்கள் எனக்கே போதவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதினேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

மிஷனரின்னா வெள்ளைக்காரங்கதானே? நீ எப்படிம்மா மிஷனரி?

நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு முகம் பதிந்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. 1740இல் கடலூருக்கு வந்து 1758 வரை இருந்த கீர்நாண்டர் ஐயர் சுவீடன்காரர். புதுச்சேரியில் 1776 முதல் பாரீஸ் அயல்நாட்டு மிஷன் சபைக் குருக்கள் இருந்தார்கள். தெருவுக்கே மிஷன் வீதி என்று பேர். அந்தச் சபையைச் சேர்ந்த துப்புயி அடிகளார் இளம் குருவாக இங்கே வந்தவர். 1844இல் நம் ஊர்ப் பெண்களுக்காக ஒரு துறவற சபை தொடங்கினார். முசே அடிகளாரோடு சேர்ந்து அவர் செய்த தமிழ்-பிரெஞ்சு அகராதியின் முதல் தொகுதி 1855இல் புதுச்சேரியில் அச்சானது.

மிஷனரி என்றால் அனுப்பப்பட்டவர், அவ்வளவுதான். எந்த நாட்டுக்காரர் என்பது அதில் இல்லை. இப்போது ஐரோப்பாவில் துறவறத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், இந்தியாவிலிருந்து வெளியே போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எங்கள் மடத்தில் ஐந்து பேர் இருக்கிறோம். மூன்று பேர் அந்த நாட்டு மலகாசிச் சகோதரிகள், ஒருவர் 74 வயதான பிரெஞ்சுச் சகோதரி, அப்புறம் நான்.

அது எங்க இருக்கு? எத்தனை மணி நேரம் ஆகும்?

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பெரிய தீவு. உலகத் தீவுகளில் நான்காவது பெரியது. 1960இல் விடுதலை ஆகும்வரை பிரெஞ்சு ஆட்சி. நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். இங்கே விடிந்து அம்மா வாசல் தெளிக்கும்போது அங்கே இன்னும் இருட்டு.

நான் சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து அடிஸ் அபாபா, பிறகு தலைநகரான அந்தனானரீவோ என்று மூன்று விமானம் மாறிப் போனேன். அங்கே இறங்கியதும் முடியவில்லை. நான் இருக்கும் ஃபியனரன்ட்சோவா தெற்கே 400 கிலோமீட்டர். ஒரே நெடுஞ்சாலைதான், மலைப்பாதை, குண்டும் குழியும். வேனில் முழுப் பகலும் போகும். புறப்படும் முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

காலைல எழுந்ததுல இருந்து என்னதான் பண்ணுவீங்க?

நாலே முக்காலுக்கு மணி அடிக்கும். ஐந்தேகாலுக்குக் காலைச் செபம், அரை மணி மௌன தியானம், ஆறு மணிக்குத் திருப்பலி. ஆறே முக்காலுக்குக் கஞ்சி. ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். எங்களுடையது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. சில பிள்ளைகள் ஒரு மணி நேரம் வரப்பு வழியாக நடந்தே வருவார்கள், பலருக்குச் செருப்பு கிடையாது. வாசலில் ஒவ்வொருவருடைய காலையும் பார்ப்பதுதான் என் நாளின் முதல் வேலை. புண், வெடிப்பு, உள்ளே முட்டை வைக்கும் மணல்பூச்சி எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வெந்நீர், சோப்பு, ஒரு ஊசி, மருந்து. முடிந்ததும் வகுப்பு.

நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் பள்ளியிலேயே சாப்பாடு போடுகிறோம். பிற்பகல் மறுபடி வகுப்பு. மாலையில் துணி துவைப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர், ஆறு மணிக்கு மாலைச் செபமும் செபமாலையும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுவோம், கீரை ஆய்வோம், கிழிந்ததைத் தைப்போம். ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்துவிடும். பாதி நாள் மின்சாரம் அதற்கு முன்பே போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு இரண்டு பேராகக் கிராமங்களுக்கு நடப்போம். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடிகிற கோயில்கள் நிறைய உண்டு. அங்கே வாசகம் படித்து, பாட்டுப் பாடி, நோயாளிகள் வீட்டுக்குப் போய்விட்டு வருவோம்.

கேட்கிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. காடு, சிங்கம், பெரிய பிரசங்கம் என்று எதிர்பார்க்கிறார்கள். மடகாஸ்கரில் சிங்கமே கிடையாது.

சாப்பாட்டுக்கு என்ன பண்ற? சோறு கிடைக்குதா?

நம்மைவிட அதிகம் சோறு சாப்பிடுகிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன். கிடைத்தால் மூன்று வேளையும் சோறுதான். காலையில் குழைந்த கஞ்சி, கீரை போட்டும் காய்ச்சுவார்கள். மதியம் சோறு, தொட்டுக்கொள்ள அவரையோ மரவள்ளி இலையோ கொஞ்சம். நான் இருக்கும் பகுதியில் பெட்சிலேயு மக்கள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் நடுகிறார்கள். பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் முறை அந்தச் சரிவைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பது அச்சாக அதே.

ஒரு விஷயத்தை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். சோறு வடித்து எடுத்ததும் பானையைக் கழுவ மாட்டார்கள். அடியில் பிடித்த காந்தலை அப்படியே விட்டு, அடுப்பில் வைத்து நன்றாகச் சிவக்க விடுவார்கள். வாசனை மாறும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். சுரீர் என்று ஒரு சத்தம் வரும். கொதித்ததும் வடிகட்டினால் இளம் பொன் நிறத்தில் ஒரு பானம். பேர் ரானுவூலா. சாப்பாட்டோடு அதைத்தான் குடிக்கிறார்கள். தண்ணீரும் கொதித்துவிடுகிறது, ஒரு பருக்கையும் வீணாவதில்லை. எங்கள் ஆயா (பாட்டி) நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொடுப்பது நினைவுக்கு வந்து, முதல் நாளே மூன்று குவளை குடித்தேன்.

தெருவோரத்தில் விடிகாலையில் மோஃபு காசி விற்பார்கள். புளித்த அரிசி மாவில், கரி அடுப்பில், குழிக் கல்லில் ஊற்றி எடுப்பது. கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் இனிப்புக் குழிப்பணியாரம் என்றே சொல்வீர்கள். காரத்துக்கு மிளகாய் அரைத்த சக்காய் உண்டு. சாம்பார் கிடையாது, தயிர்ச் சோறு கிடையாது. ஆறு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது.

பாஷைக்கு என்ன பண்ணின? பாண்டிச்சேரிக்காரி, பிரெஞ்சு தெரியுமே?

பள்ளியில் படித்த பிரெஞ்சு அலுவலகத்துக்கும் மருந்துக் கடைக்கும் உதவியது. வரப்பில் நடக்கிற அம்மாவிடம் பேச உதவவில்லை. அவர்கள் பேசுவது மலகாசி. பக்கத்து ஆப்பிரிக்க மொழிகளோடு அதற்கு உறவில்லை. அவர்களின் மூதாதையர் கடல் கடந்து வந்தவர்கள். இந்த மொழிக்கு மிக நெருங்கிய சொந்தம் போர்னியோ தீவில் இருக்கிறது.

தமிழை அப்படியே திருப்பிப் போட்டது போல இருக்கும். ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ என்பதை ‘மிஹினன வாரி அஹு’ என்பார்கள். சாப்பிடுகிறேன், சோறு, நான் என்ற வரிசை. ஆனால் பிரெஞ்சுச் சகோதரிக்கு ஐம்பது வருடமாகியும் சில சமயம் தடுமாறுகிற ஓர் இடம் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு அல்லவா? மலகாசியிலும் அப்படியே. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் இசிகா, சேர்க்காவிட்டால் இசாஹை. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்த இரண்டு சொல்லைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்வேன்.

முதல் ஆறு மாதம் எனக்கு வகுப்புக் கொடுக்கவில்லை. பள்ளிச் சமையல்கட்டில் விட்டார்கள். ஐந்து பெண்கள், பெரிய முறம், தினமும் அரிசியில் கல் பொறுக்கும் வேலை. கல், உமி, கருப்பு அரிசி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பேர் சொல்லித் தந்தார்கள். நான் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், அப்புறம் திருத்துவார்கள். கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில் போனவளை முதலில் கற்றுக்கொள்ள உட்கார வைத்தது எங்கள் மடத்தின் தலைமைச் சகோதரி. அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். புதிதாகப் போகிற எல்லோரையும் இப்படித்தான் தொடங்க வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சம்பளம் எவ்வளவு? டாலர்லயா?

சம்பளம் இல்லை. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுத்திருக்கிறோம். அதில் ஏழ்மை என்பது இதுதான். பள்ளிக் கட்டணம், தோட்டம், சபையிலிருந்து வருவது எல்லாம் ஒரே பொதுப் பெட்டிக்குப் போகும். பஸ் செலவுக்கு, சோப்புக்கு அதிலிருந்து கேட்டு வாங்குவோம். மாதக் கடைசியில் கணக்கு எழுதுவோம். யாராவது எனக்கென்று பணம் கொடுத்தாலும் பெட்டிக்குத்தான்.

அங்கே பணத்துக்குப் பேர் அரியாரி. நம் ஒரு ரூபாய் சுமார் 50 அரியாரி. 2005 வரை பழைய ஃபிராங்க் புழங்கியது, ஐந்து ஃபிராங்க் ஓர் அரியாரி. சந்தையில் வயதான அம்மாக்கள் இன்னும் ஃபிராங்கில்தான் விலை சொல்வார்கள். ஐந்து மடங்கு விலையோ என்று பயந்துபோய்த் தக்காளி வாங்காமல் திரும்பிய நாட்கள் உண்டு. புதிதாகப் போகிறவர்கள் ‘அரியாரியா, ஃபிராங்கா?’ என்று கேட்க முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

போன் வச்சுக்கலாமா? வீட்டுக்குப் பேச விடுவாங்களா?

விடுவார்கள். ஞாயிறு மாலை வாட்ஸாப்பில் பேசுவேன். இணைப்பு கிடைத்தால் முகம் தெரியும், இல்லாவிட்டால் குரல் மட்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது இரண்டு நாள் வீட்டோடு தொடர்பே கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் சமையல்கட்டுப் பெண்கள் காலையில் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி ‘அம்மா பேசினார்களா?’ என்பதுதான்.

உன்னை அவங்க எப்படிப் பாக்குறாங்க? நம்ம நிறம்தானே அவங்களும்?

வெள்ளைக்காரர்களை வசாஹா என்பார்கள். நான் வசாஹா இல்லை. என்னைப் பார்த்ததும் பலர் கரானா என்றார்கள். இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் குஜராத் பக்கத்திலிருந்து, தலைமுறைகளுக்கு முன் வந்து கடை வைத்தவர்களுக்கு அந்தப் பேர். அவர்களிடம் பணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் மனக்கசப்பும் இருக்கிறது. ஆகவே ஆரம்பத்தில் என்னைக் கடை முதலாளி வீட்டுப் பெண் என்று நினைத்து விலகி நின்றவர்கள் உண்டு. ஒருவர் ‘எந்தக் கடை?’ என்றே கேட்டார்.

சகோதரிகளை அங்கே மசேரா என்று கூப்பிடுவார்கள், பிரெஞ்சுச் சொல் திரிந்து வந்தது. குருவானவர் மும்பேரா. கரானா என்ற பேர் போய் மசேரா என்ற பேர் வர எனக்கு ஒரு வருடம் ஆனது. வாசலில் கால் கழுவிவிட ஆரம்பித்த பிறகுதான் அது மாறியது.

மதம் மாத்தத்தானே போறீங்க? நேராவே கேக்குறேன்.

நேராகவே சொல்கிறேன், இல்லை. மடகாஸ்கரில் கிறிஸ்தவம் 200 வருடத்துக்கு மேல் பழையது. 1818இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் மனைவி, கைக்குழந்தையோடு போய் இறங்கினார்கள். சில மாதங்களில் காய்ச்சலில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துபோனார்கள். பிழைத்த டேவிட் ஜோன்ஸ் திரும்பத் தொடங்கினார். 1835இல் பைபிள் முழுவதும் மலகாசியில் அச்சானது. அதே வருடம் ராணி முதலாம் ரனவலோனா கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். விசுவாசத்துக்காக அந்த ஊர் மக்களே உயிரைக் கொடுத்தார்கள். ஆகவே நாங்கள் போய்ச் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எதுவும் இல்லை.

விக்டுவார் ரசோமனரீவு என்ற ஒரு பெண்மணியின் கதையைக் கேளுங்கள். 1883இல் பிரெஞ்சுப் போர் வந்தபோது வெளிநாட்டுக் குருக்கள், சகோதரிகள் எல்லோரையும் நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் குருவும் இல்லை, பூசையும் இல்லை. அந்தப் பெண்மணி, கணவரை இழக்காத, துறவறம் எடுக்காத ஒரு குடும்பப் பெண், கோயில்களையும் பள்ளிகளையும் மூட விடாமல் மக்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1989இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். அப்படிப்பட்டவர்கள் நாட்டுக்கு நான் போகும்போது விசுவாசத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவர்களுடையதில் போய்ச் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் பள்ளியில் லூத்தரன் பிள்ளைகள் இருக்கிறார்கள், எந்தக் கோயிலுக்கும் போகாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சோறு எல்லோருக்கும் ஒரே பானையில்தான். என் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வேன், மறைக்க மாட்டேன்.

செத்தவங்களைத் தோண்டி எடுத்து ஆடுவாங்களாமே? அதைப் பாத்துட்டு எப்படி இருக்க?

யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். ஃபமதிஹானா என்று பேர். மழை இல்லாத குளிர்காலத்தில், சில வருடங்களுக்கு ஒருமுறை, குடும்பக் கல்லறையைத் திறந்து முன்னோர்களின் எலும்புகளுக்குப் புதுத் துணி சுற்றி மறுபடி உள்ளே வைப்பார்கள். தூரத்தில் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் வந்து சேருவார்கள். மேளம், பாட்டு, விருந்து உண்டு. செலவு அதிகம், அதனால் இப்போது பல குடும்பங்கள் விட்டுவிட்டன.

ஒருமுறை பக்கத்து வீட்டார் அழைத்துப் போனேன். ஒரு பாட்டி தன் தாயின் துணிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டிருந்தார். எனக்குப் பயமே வரவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் நாம் என்ன செய்கிறோம்? கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ‘தாத்தா, இது உங்க பேத்தி’ என்று சொல்வதில்லையா? தயவுசெய்து அந்த வீடியோக்களைச் சிரித்துக்கொண்டு பகிராதீர்கள்.

பாதுகாப்பா இருக்கியா? பிளேக், புயல், கலவரம்னு எல்லாம் வருதே.

பிளேக் உண்டு. ஏறத்தாழ செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை கிராமங்களில் வருவது. 2017இல் பெரிதாகப் பரவியது. எலி செத்துக் கிடந்தால் தொடாமல் வந்து சொல்லுங்கள் என்று முதல் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிவிடும். மலேரியா மலைப்பகுதியில் குறைவு. கடற்கரைக்கு ஒருமுறை போய் வந்ததும் எனக்கு வந்தது, பத்து நாளில் எழுந்துவிட்டேன்.

2025 செப்டம்பரில் தண்ணீர், மின்சாரத் தட்டுப்பாட்டால் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், அக்டோபரில் ஆட்சியே மாறியது. அந்த நாட்களில் பள்ளியை மூடிவிட்டு உள்ளேயே இருந்தோம். எங்களை யாரும் எதுவும் செய்யவில்லை.

புயல் நமக்குப் புதிதா? 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்தபோது எனக்கு 14 வயது, வாசல் வேம்பு விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 2023 பிப்ரவரி 21 இரவு ஃபிரெடி புயல் கிழக்குக் கரையில் ஏறி மலைப்பக்கம் வந்தது. ஓட்டு வீட்டுக்காரர்கள் பள்ளிக் கூடத்துக்கு வந்து படுத்தார்கள். காற்று ஏறியபோது சமையல்கட்டில் மூத்தவரான அம்மா கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்தபடி, ‘நாம் இங்கேயே இருப்போம்’ என்றார். இசிகா என்றுதான் சொன்னார். அதுவரை என்னிடம் பேசும்போதெல்லாம் இசாஹைதான், ‘நாங்கள் இப்படிச் சமைப்போம், நாங்கள் இப்படிச் செய்வோம்’ என்று. அந்த இரவில் அவர் அதைக் கவனித்தே சொல்லியிருக்க மாட்டார். நான் கவனித்தேன்.

வீட்டு ஞாபகம் வந்து அழமாட்டியா?

அழுதிருக்கிறேன். முதல் ஜூலையில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே போனது. இரண்டு கம்பளிக்குள் சுருண்டு, மாட்டுப் பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்த பழைய படத்தைப் பார்த்துக்கொண்டு அழுதேன். காலையில் கண் வீங்கியிருப்பதைப் பார்த்த பிரெஞ்சுச் சகோதரி ஒன்றும் கேட்கவில்லை. தன் வெந்நீர்ப் பையை அன்றிரவு என் படுக்கையில் வைத்திருந்தார்.

தனிமையைவிடக் கஷ்டம் வேறொன்று. பேச்சு வராத காலத்தில் நாம் நாமாக இருக்க முடியாது. இங்கே வாயாடி என்று பேர் எடுத்தவள் அங்கே ஆறு மாதம் ஊமை போல இருந்தேன். அதற்கு மருந்து இல்லை. பாஷைக் கேள்வியில் சொன்ன முறத்தடியில் போய் உட்காருவதுதான் வழி.

வீட்டுல ஒரு நல்லது கெட்டது நடந்தா வர முடியுமா?

பெற்றோருக்கு என்றால் முடிந்தவரை அனுப்புவார்கள். மற்றபடி மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் விடுமுறை. அண்ணன் கல்யாணத்தைப் போனில் பார்த்தேன்.

2024 ஜூனில் எங்கள் ஆயா போய்ச் சேர்ந்தது. என்னை வளர்த்தது ஆயாதான். செய்தி வந்தபோது அங்கே விடிகாலை மூன்றரை. அன்றே புறப்பட்டாலும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது. சித்தப்பா போனைப் பிடித்துக் காட்டினார், மண் போடும்போது படம் நின்றுவிட்டது. நான் வகுப்புக்குப் போகவில்லை, கோயிலில் உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணி இருக்கும். சமையல்கட்டுப் பெண்கள் ஐந்து பேரும், பிள்ளைகளின் அம்மாக்கள் ஏழெட்டுப் பேரும், தோளில் லாம்பாத் துணி போர்த்தி, வரிசையாக உள்ளே வந்தார்கள். மூத்தவர் முன்னால் நின்று சாவு வீட்டில் சொல்லும் முறைப்படி பேசினார். பேசி முடித்து ஒரு கவரை இரண்டு கையாலும் கொடுத்தார். துக்க வீட்டுக்கு ஊரார் சேர்ந்து கொடுக்கும் பணம். ஃபாவு ட்ரனுமாசு என்று பேர். கண்ணீர் துடைப்பது என்று அர்த்தம். ரானு என்றால் நீர், மாசு என்றால் கண். நாம் சொல்வது போலவே கண்-நீர். உள்ளே 6,200 அரியாரி இருந்தது, பெரும்பாலும் கசங்கிய நூறும் இருநூறும். நம் கணக்கில் 125 ரூபாய் கூட வராது. அந்த மாதம் அறுவடை முடிந்தும் கடன் அடையாத வீடுகள் அவை. யார் வீட்டில் அன்று எண்ணெய் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன். மேலே சொன்ன பொதுப் பெட்டியில் அதைப் போட நான் எடுத்துப் போனபோது, தலைமைச் சகோதரி கையை நீட்டவில்லை. ‘இது உன் ஆயாவுக்கு வந்தது’ என்றார். ஆயா பேரில் பூசைக்குக் கொடுத்தோம்.

இங்கயே ஏழைங்க இல்லையா? அங்க எதுக்குப் போகணும்?

இருக்கிறார்கள். என்னோடு வார்த்தைப்பாடு கொடுத்த ஒன்பது பேரில் ஏழு பேர் தமிழ்நாட்டில்தான் வேலை செய்கிறார்கள். அது குறைந்த வேலை இல்லை. இந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்டிருக்கிறேன். துப்புயி அடிகளார் புறப்பட்டபோது பிரான்சிலும் ஏழைகள் இருந்தார்கள். யாராவது அவரை நிறுத்தியிருந்தால் நம் ஊரில் எத்தனையோ பெண்பிள்ளைகள் எழுத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஏழ்மையை மட்டும் காரணமாகச் சொன்னால் என் பதில் பொய்யாகிவிடும். ஏழைகளுக்குக் கொடுக்கத்தான் போகிறேன் என்றால், ஒரு விமான டிக்கெட் பணத்தை அனுப்பிவிட்டு இங்கேயே இருக்கலாம். எனக்குக் கிடைத்த பதில் அந்தக் கவரில்தான் இருக்கிறது. என்னைத் தெரியாத ஒரு ஊர் என் ஆயாவுக்காக வந்து நின்றது. நானும் அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போய் நிற்கிறேன். அந்த உறவு இருக்க வேண்டும் என்றால் யாராவது கடல் தாண்டிப் போய்த்தான் ஆக வேண்டும்.

பிடிக்கலைன்னா பாதியில வந்துடலாமா? இல்ல, கட்டிப் போட்டுடுவாங்களா?

யாரும் கட்டிப் போடுவதில்லை. நவதுறவகம் என்ற பயிற்சி இல்லத்தில் குறைந்தது ஒரு வருடம், பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு மூன்றிலிருந்து ஆறு வருடம் வரை. எங்கள் சபையில் வருடாவருடம் புதுப்பிப்போம். அந்த வருடம் முடியும்போது யாரும் தாராளமாக வெளியே வரலாம், அது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு அதற்குப் பிறகுதான், நான் இன்னும் கொடுக்கவில்லை. சபையில் இருந்துகொண்டே நாடு மட்டும் மாற்றிக் கேட்கவும் முடியும்.

உடம்பு தாங்காமல், மனம் தாங்காமல் திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரியும். ஊரில் சிலர் அவர்களைப் பார்த்து ‘ஓடி வந்துட்டா’ என்கிறார்கள். அப்படிப் பேசாதீர்கள். அந்தப் பெண் அங்கே கழித்த ஒவ்வொரு நாளும் உண்மையாகக் கழித்ததுதான்.

எம் பொண்ணு போறேன்னு சொல்றா. அனுப்பட்டுமா, வேணாமா?

இதை மூன்று அம்மாக்கள் கேட்டார்கள். மூவருமே தனியாக, சமையலறையில், குரலைத் தாழ்த்தி. நான் அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதலில் ஒரு படிப்பை முடிக்கட்டும், நான் டிகிரி முடித்துத்தான் சேர்ந்தேன், அது நல்லதாகப் போயிற்று. அப்புறம் அவளை ஒரு மாதம் தெரியாத ஊரில், அவள் பேச்சு எடுபடாத இடத்தில் இருக்க வையுங்கள். திரும்பி வந்ததும் அந்த ஊர் மக்களைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று கேளுங்கள். ‘பாவம் அவங்க’ என்று மட்டுமே பேசினால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். யார் யார் பேர் என்ன, எந்தப் பாட்டி என்ன சமைத்துக் கொடுத்தது என்று பேசினால், அவள் போகலாம்.

உங்கள் மனம் வலிக்கும், அதை மறைக்காதீர்கள். என் அம்மா விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டே கையாட்டினார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை என்று இந்த விடுமுறையில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம்.

திரும்பிப் போகும்போது என்ன குடுத்தனுப்பட்டும்? ஊறுகாய் வேணுமா?

ஊறுகாய் வேண்டாம், ஏற்கெனவே மூன்று பாட்டில் சேர்ந்துவிட்டது. பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. ரொட்டி, பிஸ்கெட் எதுவும் வேண்டாம். நல்ல பெரிய முறம் இரண்டு கிடைத்தால் கொடுங்கள், பெட்டியில் அடங்காவிட்டால் கையில் பிடித்துப் போகிறேன். அப்புறம் சமையல்கட்டில் ஐந்து பேரும் ஒன்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்: ஆயாவின் படம். அடுப்புக்கு மேல், வானதூதர் படத்துக்குப் பக்கத்தில், ஆணி அடித்து வைத்திருக்கிறார்களாம். அதை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்ணாடி இல்லாமல் சட்டம் போட்டு வாங்கியிருக்கிறேன். பிப்ரவரி 9 அன்று புறப்படுகிறேன்.